பானை அகற்றும் சட்டம்

புதிய ஆட்சியின் மூன்றாம் ஆண்டு, ஆவணி ஏழாம் நாள், நீர்முனை நாட்டின் பன்னிரண்டாம் வட்டத்திலுள்ள நன்னீர்க் குளங்களிலிருந்து நாலாயிரத்து இருநூறு மண்பானைகள் அகற்றப்பட்டன.

நண்டு வளர்ப்பதே அந்த வட்டத்தின் பிழைப்பு. நண்டு பெரிதாக வேண்டுமானால் பழைய ஓட்டைக் கழற்றியாக வேண்டும். கழற்றியபின் இரண்டு மூன்று நாட்களுக்கு அதன் உடம்பு வேகவைத்த கிழங்குபோல் மெத்தென்றிருக்கும். அந்த நேரத்தில் பக்கத்து நண்டு அதைத் தின்றுவிடும். அதனால் வளர்ப்பவர்கள் குளத்தின் அடியில் உடைந்த பானைகளைப் போட்டு வைப்பார்கள். ஓடு கழற்றும் நண்டு அதற்குள் புகுந்துகொள்ளும். புது ஓடு இறுகியதும் வெளியே வரும்.

‘ஒளிவுமறைவற்ற நாடு’ என்று வாக்களித்துத் தேர்தலில் வென்ற நாட்டுத் தலைவர், ஆடி மாதத்தில் ஒரு குளத்தைப் பார்வையிட்டார். அரைமணி நேரம் நின்றும் ஒரு நண்டுகூடக் கண்ணில் படவில்லை.

“என்னிடம் மறைக்க இவற்றுக்கு என்ன இருக்கிறது?” என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறினார். மறுவாரம் சட்டம் வந்தது.

சிட்டம்மாவின் குளத்தில் அன்று முந்நூறு நண்டுகள் இருந்தன. ஐப்பசியில் அவற்றைப் பிடித்து விற்றால்தான் அவள் வீட்டில் ஒரு வருடம் அடுப்பு எரியும். பானைகளை அள்ள வந்த துணை ஆணையர் அறவாழியை அவள் கரையிலேயே மறித்தாள்.

“ஐயா, ஓடு கழட்டுன நண்டால நகரக்கூட முடியாதுங்க. பானைய எடுத்தீங்கன்னா மத்தது சேந்து தின்னுரும்.”

“தின்பவை வெளிநாட்டு நண்டுகளா?”

“இல்லீங்க. எல்லாம் இதே கொளத்து நண்டுதான்.”

“அப்படியானால் அது உள்விவகாரம். அரசு தலையிடுவதற்கில்லை.”

“பானைய அள்ளுறதுக்கு மட்டும் தலையிடுவீங்களாக்கும்!”

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். துணை ஆணையர் சிரித்தவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டார். பிறகு பானைகள் எடுக்கப்பட்டன.

பத்து நாளில் முந்நூறு, நூற்றெண்பதாயிற்று. கரையோரம் கால்களும் ஓட்டுத் துண்டுகளும் ஒதுங்கின. சிட்டம்மா மனுக் கொடுத்தாள். அரசு உடனே செவிசாய்த்தது. வன்முறையை ஒடுக்க, நண்டுகளின் கொடுக்குகளைக் கட்டும்படி இரண்டாம் ஆணை பிறந்தது. ஊழியர்கள் நாரோடு குளத்தில் இறங்கினார்கள். பெரிய நண்டுகள் கடித்தன. மாலைக்குள் ஆணை திருத்தப்பட்டது: சிறிய நண்டுகளின் கொடுக்குகளைக் கட்டினால் போதும்.

“கடிக்கிறத விட்டுட்டு கடிபடுறதக் கட்டுறீங்களே, இது என்னங்க நியாயம்?”

“இவைதான் ஒத்துழைக்கின்றன அம்மா” என்றார் துணை ஆணையர்.

புரட்டாசி முடிவில் நண்டுகள் ஒன்பது. ஒவ்வொன்றும் தட்டு அகலம். ‘நண்டின் சராசரி எடை நான்கு மடங்கு உயர்வு’ என்று தலைநகரிலிருந்து அறிக்கை வெளியானது. மொத்தம் எத்தனை நண்டுகள் என்பதற்கு அதில் இடம் ஒதுக்கப்படவில்லை.

ஐப்பசியில் அதே குளக்கரையில் விழா நடந்தது. சிட்டம்மாவுக்குத் தலைவர் தம் கையால் பொன்னாடை போர்த்தினார்.

“மகிழ்ச்சிதானே அம்மா?”

“ஒம்பது நண்டுங்க. அத வச்சி ஒரு வருசம் நாங்க என்னத்தத் தின்னுறது?”

“ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது பாருங்கள்!” என்றார் தலைவர், உண்மையான வியப்போடு.

கூட்டம் கைதட்டியது. அடுத்து துணை ஆணையர் புதிய ஆணையை வாசித்தார். குளங்களில் கண்ட வெற்றி ஊர்களுக்கும் விரிவாக்கப்படுகிறது. நாளை முதல் வீட்டுக் கதவுகள் அகற்றப்படும். பெரிய வீடுகளின் கதவுகள் மிகவும் கனமானவை என்பதால் அவற்றுக்கு விலக்கு அளிக்கப்படுகிறது.

யாரும் கைதட்டவில்லை. பொன்னாடை தோளிலிருந்து நழுவியதைக்கூடச் சிட்டம்மா கவனிக்கவில்லை.

“ஐயா, எம்மவ புள்ள பெத்து மூணு நாளுதாங்க ஆவுது. இன்னும் எந்திரிச்சி உக்காரல. எங்க வீட்டுக் கதவ மட்டும் ஒரு மாசம் பொறுத்துக் கழட்டக்கூடாதுங்களா?”

துணை ஆணையர் பட்டியலைப் பார்த்தார்.

“உங்கள் வீடுதான் அம்மா முதலில்.”

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கதவு கழற்றப்பட்டது. பன்னிரண்டாம் வட்டத்தில் நானூற்றுப் பத்துக் குடும்பங்கள் இருந்தன. தை மாதக் கணக்கெடுப்பின்படி இப்போது முப்பத்தொன்று இருக்கின்றன. ஒரு குடும்பத்துக்கான சராசரி நிலம் பதின்மூன்று மடங்கு உயர்ந்துள்ளது. சிட்டம்மாவின் குளம் பக்கத்துப் பெரிய வீட்டாரின் வசம் இருக்கிறது.