நுரையரசிக்குக் கிடைத்த முப்பது நாள் நற்சான்று

மனித குலம் தன் அழுக்கைத் தானே துவைத்துக்கொள்ளும் இழிநிலையிலிருந்து விடுபட்டது 1974ஆம் ஆண்டு ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. இடம், தூத்துக்குடி கீழைக்கடல் மாலுமிகள் ஓய்வில்லத்தின் பின்கட்டு. மனித குலம் என்று இங்கே சொல்வது இசக்கித்தாயை. அந்த இல்லத்தில் கப்பல்காரர்கள் படுத்தெழுந்த நாற்பது விரிப்புகளைப் பதினோரு வருஷமாகத் தினமும் துவைத்தது அவள் ஒருத்திதான். ஆபீஸ் காகிதங்களில் அவளுக்குத் 'தற்காலிக ஊழியர்' என்று பெயர்.

பத்தேகாலுக்கு மாட்டுவண்டியிலிருந்து இறங்கியது 'நுரையரசி' என்னும் சலவை எந்திரம். அதைப் பரிசோதிக்க 'சலவை எந்திரத் தரம் மற்றும் நம்பகத்தன்மை ஆய்வு உபகுழு' ஏற்கெனவே அமைக்கப்பட்டிருந்தது. தலைவர், இல்லத்தின் தலைவரான சங்கரபாண்டியன். தொழில்நுட்ப நிபுணர், ஃபியூஸ் போடத் தெரிந்த ரோச். செயலாளர் சுதர்சனம்.

சுதர்சனம் ஆழ்வார்திருநகரிக்காரர். தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர். மூன்று வருஷமாகப் 'பொறுப்பு' மானேஜர். பொறுப்பு என்ற அந்த ஒரு சொல் என்றைக்கு உதிரும் என்று காத்திருந்தார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எந்தக் கசப்பையும் தித்திப்பாக எழுதக்கூடிய கை அது.

மூன்று கம்பெனிகள் விலை அனுப்பியிருந்தன. அவற்றில் மலிவானதை வாங்குவது என்று போர்டு முன்பே முடிவு செய்துவிட்டது. மலிவானது நல்லதுதானா என்று முப்பது நாள் பாரபட்சமின்றி ஆராய்ந்து, 'நல்லதுதான்' என்று கண்டுபிடிப்பது உபகுழுவின் கடமை. இதற்காகச் சுதர்சனம் பெரிய ரிஜிஸ்தர் ஒன்றில் நாள்தோறும் நிரப்ப நான்கு கட்டங்கள் போட்டார்: வெண்மை, ஓட்டம், தேய்மானம், நம்பகம்.

முதல் நாள் இசக்கித்தாய் தொட்டியிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து ஊற்றினாள்.

"பன்னெண்டு குடம் குடிச்சிட்டு சாமி. இன்னும் வாயைத் தொறந்துக்கிட்டுத்தான் இருக்கு" என்றாள்.

ரோச் சுவிட்சைப் போட்டார். நுரையரசி மூன்று தடவை இருமியது. பிறகு உடம்பெல்லாம் நடுங்க, நின்ற இடத்தை விட்டுப் புறப்பட்டு வாசற்படிவரை நடந்துபோய், ஒயர் இழுத்துப் பிடித்ததால் நின்றது.

"ஒயர் மட்டும் நீளமா இருந்தா ஹார்பருக்கே போயிருக்கும்" என்றார் ரோச்.

சங்கரபாண்டியன் கவலையோடு திரும்பினார். "என்னவே சுதர்சனம், எந்திரம் நடக்கது நல்லதா, கெட்டதா?"

"எழுதற விதத்தில இருக்கு சார்" என்றார் சுதர்சனம். ரிஜிஸ்தரைத் திறந்து, 'ஓட்டம்: மிக நன்று' என்று எழுதினார்.

இரண்டாம் நாள் எந்திரத்திலிருந்து எடுத்த விரிப்புகளில் கப்பல் எண்ணெய்க் கறை போட்டது போட்டபடி இருந்தது. இசக்கித்தாய் எல்லாவற்றையும் கல்லில் போட்டு மறுபடி துவைத்தாள். 'வெண்மை: நன்று.' மூன்றாம் நாள் பின்கட்டு முழுக்கப் புகை. ரோச் மூடியைக் கழற்றி மோந்து பார்த்தார்.

"மோட்டார் காயில் கருகிட்டு சாமி. சீவன் போயிட்டு."

கம்பெனிக்குத் தந்தி போயிற்று. புது மோட்டார் புறப்பட்டுவிட்டதாகப் பதில் தந்தி வந்தது. அடுத்த இருபத்தேழு நாளும் அது புறப்பட்டபடியே இருந்தது.

சங்கரபாண்டியன் பின்கட்டுக்கே வந்தார். "முப்பது நாள் ஆய்வுன்னு தீர்மானம் போட்டாச்சு. மூணு நாளோட நிப்பாட்டுனா போர்டுக்கு யாரு பதில் சொல்லுதது? ஏளா இசக்கி, மோட்டார் வாரவரைக்கும் நீ கையில துவைச்சிரு."

"இதுவரைக்கும் யாரு துவைச்சா?" என்று கேட்டாள் அவள்.

அந்தக் கேள்வி உபகுழுவின் வரம்புக்குள் வரவில்லை. அவள் போனபின் சுதர்சனம் மெல்லக் கேட்டார். "ரிஜிஸ்தர்ல என்ன எழுதறது சார்?"

"விரிப்பு வெளுத்திருக்கா?"

"வெளுத்திருக்கு."

"அப்ப வெளுத்திருக்குன்னு எழுதும். யாரு வெளுத்தான்னு அதுல கட்டம் போட்டிருக்கீரா?"

"இல்லை சார்."

"பின்ன?"

நான்காம் நாள் சுதர்சனத்தின் பேனா கொஞ்சம் தயங்கியது. ஐந்தாம் நாள் அவ்வளவாகத் தயங்கவில்லை. ஆனாலும் மனச்சாட்சி உள்ள மனிதர், உண்மையை எங்கேயாவது எழுதாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. பதினோராம் நாள் இசக்கித்தாயின் உள்ளங்கைகள் சோடாக்காரத்தில் வெடித்து ரத்தம் கசிவதைப் பார்த்தார். மருந்துக்கடையில் களிம்பு வாங்கிக் கொடுத்தார். பிறகு 'தேய்மானம்: மேற்பரப்பில் சிறு வெடிப்புகள். செயல்பாட்டைப் பாதிக்கவில்லை' என்று எழுதினார். எழுதி முடித்ததும் ஒரு பெரிய அநியாயத்தைத் தட்டிக்கேட்டுவிட்ட நிம்மதி அவருக்கு வந்தது.

பத்தொன்பதாம் நாள் அவள் காய்ச்சலோடு வந்தாள். கண் சிவந்திருந்தது. தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னிக்கு ஒரு நாள் போய்ப் படுத்துக்கோயேன்" என்றார் சுதர்சனம்.

"நான் படுத்துக்கிட்டா அந்த நாப்பது பேரும் எதுல படுப்பாவ சாமி?"

சாயங்காலம் கொடியில் நாற்பது விரிப்பும் காற்றில் படபடத்தன. சுதர்சனம் அவற்றை இரண்டு தடவை எண்ணினார். அன்றைய குறிப்பு: 'எந்திரம் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. ஆயினும் ஓட்டம் நிற்கவில்லை. நம்பகம்: மிக மிக நன்று.'

முப்பத்தோராம் நாள் போர்டு கூடியது. கம்பெனிப் பிரதிநிதி மாலையோடு வந்திருந்தார். தட்டில் மக்ரூனும் டீயும் வைத்திருந்தார்கள். சுதர்சனம் அறிக்கையை வாசித்தார். முப்பது நாளில் ஒரு நாளும் தவறாமல் இயங்கிய நுரையரசியைப் பாராட்டி எல்லோரும் கைதட்டினார்கள். பிரதிநிதிக்கே கண் கலங்கிவிட்டது. தன் கம்பெனி எந்திரத்தைப் பற்றி இப்படி ஒரு செய்தியை அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

மேலும் நான்கு நுரையரசிகள் வாங்கத் தீர்மானம் ஆயிற்று. எந்திரமே எல்லாம் செய்வதால் தற்காலிக ஊழியர் தேவையில்லை என்றும் தீர்மானம் ஆயிற்று. அதைச் சொல்ல இசக்கித்தாயை உள்ளே கூப்பிட்டார்கள்.

அவள் கேட்டுக்கொண்டாள். அழவில்லை. "அந்த நோட்டுல என்ன எழுதியிருக்குன்னு ஒருக்கா வாசிங்க சாமி" என்றாள்.

சுதர்சனம் வாசித்தார். வெடிப்பு வந்த நாளில் அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பத்தொன்பதாம் நாள் வந்ததும் நிமிர்ந்தாள்.

"அன்னைக்குச் சூடா இருந்தது நானுல்லா?"

சங்கரபாண்டியன் சுதர்சனத்தைப் பார்த்தார். "இவ என்னவே சொல்லுதா?"

நிகழ்ச்சி நிரலில் அடுத்த விஷயம், பொறுப்பு மானேஜரை நிரந்தரமாக்குவது. சுதர்சனத்தின் உள்ளுக்குள் ஏதோ ஒன்று 'சொல், சொல்' என்றது. அவர் சொன்னார்.

"எந்திரத்தோட முப்பது நாள் பழகிட்டா சார். அந்தப் பாசம்."

சபை நெகிழ்ந்துபோனது. ஒரு மெம்பர் அவளுக்கு மக்ரூன் கொடுக்கச் சொன்னார். இசக்கித்தாய் சுதர்சனத்தை ஒரு தடவை பார்த்தாள், அவ்வளவுதான். மக்ரூனை எடுக்காமல் போய்விட்டாள். சுதர்சனம் ஏகமனதாக நிரந்தரமானார்.

நான்கு புது நுரையரசிகளும் வந்தன. நான்கே நாளில் நான்கும் இருமி, நடந்து, புகைந்து, அடங்கின. விரிப்புகள் மலைபோல் குவிந்தன. ஒரு கிரேக்கக் கப்பலின் கேப்டன் தன் விரிப்பைச் சுருட்டிக் கொண்டுவந்து சங்கரபாண்டியனின் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். முதல் எந்திரம் முப்பது நாள் ஓடும்போது அதன் தங்கைகள் ஏன் சாகின்றன என்று கண்டறிய போர்டு உத்தரவிட்டது. யாருக்கு? நிரந்தர மானேஜருக்கு.

சுதர்சனம் திருச்செந்தூருக்குப் பஸ் ஏறினார். அங்கே ஒரு லாட்ஜின் பின்புறம் இசக்கித்தாய் யாத்ரீகர்களின் விரிப்புகளைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"திரும்ப வந்துடு இசக்கித்தாய். போர்டுல நான் பேசறேன்."

"நிரந்தரமாவா சாமி?"

"இப்போதைக்குத் தற்காலிகமாத்தான்."

அவள் விரிப்பை உதறிக் கொடியில் போட்டாள். "அந்த நோட்டுல எம்பேரு எங்கனயாவது இருக்கா?"

"இல்லை."

"பின்ன யாரைக் கூப்பிட வந்திய?"

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் அவர் கடலைப் பார்க்கவில்லை. ஆபீஸுக்குப் போய் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தித்திப்பு சேர்க்காமல் எழுதினார்: 'பரிசோதனையில் தேறிய எந்திரத்தோடு கூடுதலாக ஒரு பாகம் இருந்தது. பதினோரு வருஷம் பழுதின்றி ஓடிய பாகம். பன்னிரண்டு குடம் தண்ணீர் சுமக்கும். காய்ச்சலிலும் நிற்காது. முப்பது நாளும் துவைத்தது அதுதான். அதை நாம் தீர்மானம் போட்டுக் கழற்றி எறிந்துவிட்டோம்.' கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, வேலை போய்விடும் என்று மேஜை இழுப்பறையைக் காலிசெய்யத் தொடங்கினார்.

போர்டு அவருடைய அறிக்கையை மிகுந்த அக்கறையோடு படித்தது. யாரும் கோபப்படவில்லை. விடுபட்ட அந்தப் பாகத்தை எந்திரத்துக்கு ஒன்று வீதம் உடனே அனுப்பும்படி கம்பெனிக்குக் கடிதம் எழுத ஏகமனதாகத் தீர்மானித்தது. இதுவரை அந்தப் பாகத்துக்கு இல்லம் கொடுத்துவந்த தினக்கூலியையும் குறிப்பிட்டு, அந்த விலைக்கு மேல் போக இயலாது என்றும் எழுதச் சொன்னது.

பத்தாம் நாள் கம்பெனியின் பதில் வந்தது. அதைச் சுதர்சனமே போர்டுக்கு வாசித்தார்.

'ஐயா, மலிவான எந்திரங்கள் செய்வதில் எங்களுக்கு இருபது வருஷ அனுபவம் உண்டு. ஆயினும் தாங்கள் கொடுத்துவந்த விலைக்கு ஓர் ஆணியைக்கூட எங்களால் பதினோரு வருஷம் உழைக்கவைக்க முடியாது என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'