தட்டில் முளைத்த முகம்

மனைவிக்கு மீசை முளைத்திருந்தது.

நுண்ணுயிர் விஞ்ஞானி கண்ணாடித் தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சந்தேகமே இல்லை. மீசைதான்.

மாநாட்டுக்கு எந்த நாடு போனாலும் பெட்டியில் தூரிகையோடு போகிறவர் அவர். மலை வரைவார். துறைமுகம் வரைவார். விமானம் தாமதமானால் விமான நிலைய நாற்காலியைக்கூட வரைவார். மனைவியை மட்டும் வரைந்ததில்லை. அடுத்த பயணத்துக்கு டிக்கெட் வந்த அன்று அவள் சொல்லிவிட்டாள்.

"நாற்காலிக்குக் கெடைச்ச மரியாதைகூட எனக்கு இல்ல. என் பிறந்தநாளுக்கு என் மூஞ்சிய வரைஞ்சு குடுங்க. என்னை மாதிரி இருந்தா ஊருக்குப் போங்க. இல்லேன்னா டிக்கெட்டக் கேன்சல் பண்ணுங்க."

காகிதத்தில் அவருக்கு மூக்கு வராது. எனவே தெரிந்த தொழிலில் இறங்கினார். ஆய்வகத்தில், தீங்கில்லாத வண்ணக் கிருமிகளைக் கம்பியில் தொட்டு, தட்டிலிருந்த ஜெல்லியின் மேல் அவள் முகத்தை வரைந்தார். வரையும்போது ஒன்றும் தெரியாது. கிருமி வளர்ந்தால்தான் படம். தட்டை மூடி, சுற்றிலும் டேப் ஒட்டி, வீட்டுக்குக் கொண்டுவந்து, சூட்டுக்காக இன்டர்நெட் பெட்டியின் மேல் வைத்தார்.

பிறந்தநாள் விடிந்தது. மீசையும் வந்தது. நல்லவேளை, மனைவி வேலைக்குப் போய்விட்டாள்.

"யாருப்பா இது? பெரியப்பாவா?" என்றாள் மகள்.

"உங்கம்மாதான்டி."

"அம்மாவுக்கு ஏன் ஒரு கண்ணுதான் இருக்கு?"

கொஞ்சம் கூடுதல் சூடு கொடுத்தால் இன்னொன்று வந்துவிடும் என்று மேசை விளக்கைத் தட்டின் மேல் சாய்த்து வைத்தார். மதியம் பார்த்தபோது வந்திருந்தது. ஒன்றுக்கு இரண்டாக. மொத்தம் மூன்று கண்.

வளர்ச்சியை நிறுத்தத் தட்டை ஃப்ரிட்ஜில் பால் பாத்திரத்துக்குப் பின்னால் ஒளித்தார். எடுத்தபோது மூடி வேர்த்து, சொட்டு விழுந்து, நெற்றி கரைந்து காதுவரை வழிந்திருந்தது. மூடியைத் திறந்து துடைக்கவும் முடியாது. தட்டை லேசாகச் சாய்த்தார். வழிந்தது கீழே இறங்கித் தாடியானது.

"இப்ப சத்தியமா பெரியப்பாதான்," என்றாள் மகள்.

வாசற்கதவு திறந்தது. தட்டை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"என்ன அது? காட்டுங்க," என்றாள் மனைவி.

"இன்னும் முடியலம்மா..."

"காட்டுங்கன்னேன்."

பிடுங்கினாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் மனதுக்குள் டிக்கெட்டைக் கேன்சல் செய்தே விட்டார்.

"என் மூக்கு," என்றாள் மெதுவாக. "ஒரு பக்கமா லேசா வளைஞ்சிருக்கும். அதக்கூடக் கவனிச்சிருக்கீங்க."

"ஆ... ஆமா."

"முடி பறக்குது பாருங்க. பஸ்ஸப் பிடிக்க ஓடும்போது அப்படியே இப்படித்தான் இருப்பேன்."

"அதத்தான் வரைஞ்சேன்."

"அப்ப மூணாவது கண்ணு?" என்றாள் மகள்.

"தலைல ஏத்தி விட்ட மூக்குக்கண்ணாடிடி."

"தாடி?"

"சால்வை. ஒனக்கென்ன தெரியும் படத்தப் பத்தி?" மனைவியின் கண் நிறைந்துவிட்டது. "என்னை நீங்க ஏறெடுத்துக்கூடப் பாக்கறதில்லன்னு நெனச்சுட்டு இருந்தேங்க. போயிட்டு வாங்க. நானே பெட்டி அடுக்கித் தரேன்."

அவருடைய கைபேசி அடித்தது. ஆய்வகத்திலிருந்து சக விஞ்ஞானி. மகள் எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், தட்டை மாத்தி எடுத்துட்டுப் போயிட்டீங்க! நீங்க வரைஞ்ச மேடம் இங்க அச்சு அசலா சிரிச்சிட்டிருக்காங்க. உங்ககிட்ட இருக்கறது, நம்ம கேன்டீன்ல கை கழுவுற தொட்டியில வழிச்செடுத்த கிருமி!"