ஒரே டிக்கெட்டில் இரண்டு மருந்து

அன்பு மைத்துனனுக்கு, அத்தான் இடது கையால் எழுதிக்கொண்டது. இங்கே என் வலது தோளைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீயும் உன் மருந்துக்கடையும் நலமாக இருக்க வேண்டும். ஏனென்றால் இந்த வழக்குக்கு நீதான் நடுவர்.

தோள் ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் கொடுத்த வலி மாத்திரையை உன் அக்கா அலமாரியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். காலமெல்லாம் பஸ் கண்டக்டராக ஊரார் சில்லறையைச் சுமந்தவனை, அவன் மாத்திரைக்கே நம்பவில்லை! நடந்ததைச் சொல்கிறேன், முன்பின்னாக இருக்கலாம். அந்த மாத்திரை போட்டால் எனக்குக் காலையும் மாலையும் இடம் மாறிவிடுகின்றன. முதல் நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கிப்போய், "படியில நிக்காதீங்க, உள்ள போங்க" என்று அவளை அதட்டினேனாம். மறுநாள் தலைவலி. வீட்டில் கிடந்த பாராசிட்டமாலை வாயருகே கொண்டுபோனேன், பறித்துவிட்டாள்.

"அந்த வலி மாத்திரைக்குள்ளயே இதுவும் இருக்கு. மேல மேல போட்டா கல்லீரல் என்னத்துக்கு ஆகும்?"

ஒரே டிக்கெட்டில் இரண்டு பேர் ஏறினால் கண்டக்டருக்கு யாராவது சொல்ல வேண்டாமா? அட்டையில் எழுதியிருக்கிறது என்கிறாள். படிக்கக் கண்ணாடியைத் தேடினேன், அது மூக்கிலேயே இருந்தது. மலச்சிக்கல் வேறு. அதை விரிவாக எழுத நம் உறவுமுறை இடம் தரவில்லை.

இதற்கிடையில் கீழ் வீட்டுத் தையற்காரர் முதுகுவலியோடு மாடி ஏறி வந்தார். எனக்கு வலி குறைந்துவிட்டது, மாத்திரை மிச்சம். "நாளைக்கு வாங்க, ரெண்டு தர்றேன்" என்று வாக்குக் கொடுத்தேன். அன்றுதான் பூட்டு விழுந்தது. "உங்களுக்கு எழுதினது உங்க உடம்புக்கு. ஊருக்கெல்லாம் விநியோகம் பண்ணவா?" என்கிறாள். இப்போது படியில் அவர் காலடி கேட்டாலே குளியலறைக்குள் ஒளிகிறேன். என் மானம் போகிறது. நீ சொன்னால்தான் அவள் கேட்பாள். சாவியை என்னிடம் கொடுக்கச் சொல்லி உடனே அவளுக்கு ஒரு வரி எழுது.

உன் வீட்டார் நோய்நொடியில்லாமலும், உன் கடை வியாபாரம் குறையாமலும் இருக்க ஆசீர்வதிக்கும்,
அத்தான்.

பி.கு.: உறையை ஒட்டும்போது தையற்காரரின் மனைவி வந்தார். மாத்திரை விஷயம் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, அவர் தினமும் தூக்க மாத்திரை போடுறவருங்க! இந்த மாதிரி வலி மாத்திரையும் சேர்ந்தா தூக்கத்துலயே மூச்சு அடங்கிடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு." நல்ல மனுஷனை நானே வழியனுப்பி வைத்திருப்பேன். மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுக்காதே. இடது கையால் பட்ட பாட்டை நினைத்துத்தான் கிழிக்காமல் அனுப்புகிறேன். மிச்சத்தை மருந்துக்கடையில் திருப்பிக் கொடுக்கும்வரை சாவி உன் அக்கா இடுப்பிலேயே இருக்கட்டும். நாளைக்கே நான் மறுபடியும் சாவி கேட்டு எழுதினால், எழுதியது நான் இல்லை, மாத்திரை என்று கிழித்துப் போடு.