பன்னிரண்டு வருடம் தாமதமான பல் பரிசோதனை

நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொள்ளும் நாட்களில்தான் பெரிய தப்புகளைச் செய்வேன். சின்னத் தப்புகளுக்கு எனக்குக் கெட்டிக்காரத்தனம் தேவைப்படுவதில்லை.

அடையாறில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் டெஸ்டராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பழைய கம்ப்யூட்டர்கள் சில, 1970இலிருந்து நொடிகளை எண்ணித்தான் தேதியைக் கணக்கிடும். 2038 ஜனவரி 19, காலை எட்டே முக்காலுக்குச் சற்று முன்னால் அந்த எண்ணுக்கு இடம் போதாமல், தேதி 1901க்குத் தாவிவிடும். நோயாளிகளுக்கு டோக்கன் கொடுத்து, பரிசோதனை நாளை மெசேஜில் நினைவூட்டும் எங்கள் மென்பொருள் மயிலாப்பூரில் ஒரு பல் டாக்டரிடம் அப்படியொரு பழைய மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் தாவுமா என்று பார்க்கட்டுமா என மேனேஜரிடம் நானாகப் போய்க் கேட்டேன். ஆபீஸில் அதே மாதிரி இருந்த மெஷினில் சோதிக்கச் சொன்னார். (“உனக்கு வேற வேலை இல்லையா” என்று கேட்டுவிட்டுத்தான்.)

காலை பத்து மணி. என் திரையில் இரண்டு கருப்பு ஜன்னல்கள். ஒன்றில் ஆபீஸ் மெஷின், இன்னொன்றில் கிளினிக்கின் நிஜ மெஷின். ஒப்பிட்டுப் பார்க்கத் திறந்து வைத்திருந்தேன். கடிகாரத்தை 2038க்குத் தள்ளி, தாவ ஒரு நிமிடம் இருக்கும்படி வைத்தேன். நொடிகளை வாய்விட்டு எண்ணினேன். தேதி 1901 ஆனது. எழுந்து நின்று கை தட்டினேன். பக்கத்து மேஜைக்காரர்களையும் தட்ட வைத்தேன்.

அப்போது கிளினிக் வரவேற்பில் இருக்கும் சாந்தியக்கா போன் செய்தார். “இன்னா பண்ணீங்க மேடம்? எல்லாருக்கும் மெசேஜ் போய்க்கினே கீது. டோக்கன் ஒண்ணும் வர மாட்டேங்குது.”

நான் தேதியை மாற்றியது நிஜ மெஷினில். 2038இல் இருந்த அந்த ஒரு நிமிடத்தில் அது அத்தனை நோயாளிகளுக்கும், உங்கள் பரிசோதனை நாலாயிரத்துச் சொச்சம் நாள் தாமதம், உடனே வரவும் என்று சொல்லியிருந்தது.

தேதியைச் சரிசெய்து, மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். கிளினிக் படிக்கட்டு வரை கூட்டம். பல்லெல்லாம் எடுத்துவிட்ட ஒரு மாமா, எதைப் பரிசோதிக்கப் போகிறீர்கள் என்று சாந்தியக்காவிடம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், கையில் போனோடு, மந்தைவெளியிலிருந்து பதறி வந்த என் அப்பா. அவரும் அங்கேதான் பல் பார்த்துக்கொள்வார்.

டாக்டரம்மா வெளியே வந்து, யார் செய்த வேலை என்று கேட்டார். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

“நான்தான் மேடம்,” என்றேன்.

அப்பா கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, “என் பொண்ணு,” என்றார், நான் மேடையேறிப் பரிசு வாங்கிவிட்ட மாதிரி.

நடந்ததை விளக்கினேன். டாக்டரம்மா கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“2038ல நிஜமாவே இப்படி ஆகுமா?”

“ஆகும் மேடம். இன்னிக்குப் பாத்துட்டோம்.”

“அப்போ இங்க டாக்டரா என் பொண்ணு உட்கார்ந்திருப்பா. அதுக்குள்ள சரி பண்ணிக் கொடுத்துடு.”

மதியம் வரை வாசலில் நின்று கையால் டோக்கன் எழுதினேன். ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். வந்ததுதான் வந்தோம் என்று பதினோரு பேர் பல்லைக் காட்டிவிட்டே போனார்கள்.

மேனேஜர் திட்டித் தீர்த்தார். தீர்ந்ததும், எல்லா வாடிக்கையாளர்களின் மெஷின்களையும் சோதிக்கும் பொறுப்பை என்னிடமே கொடுத்தார். இரண்டே மாதத்தில் அத்தனையும் சரிசெய்யப்பட்டு, சோதனையில் 2038ஐ இடறாமல் தாண்டின. இன்று சோதனைப் பிரிவே என் கையில். (நிஜ மெஷினின் ஜன்னல் இப்போது சிவப்பு நிறம். அதுவும் என் ஏற்பாடுதான்.)

வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இந்தக் கதையைச் சொல்லாமல் அனுப்புவதில்லை. “பன்னெண்டு வருஷம் கழிச்சு வரப்போற தப்பை இவ முன்னாடியே கண்டுபிடிச்சா,” என்பார்.

அம்மா உள்ளேயிருந்து, “கண்டுபிடிக்கலை, முன்னாடியே பண்ணிட்டா,” என்பாள்.