சீனியின் வயிற்றளவு

கல்முனை,
செவ்வாய், பகல்.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி முகம்மது தம்பி மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எல்லாரும் சுகம். அதாவது, இந்த வரியை எழுதும் வரைக்கும் சுகம். இறக்காமத்தில் உங்கள் வீட்டாரும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். போனில் கதைக்காமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். குரல் கேட்டால் சீனி வருகிறது.

யானை விரட்ட வயலுக்குச் சிறுத்தை மேல் ஏறிப் போவது உங்கள் ஊரில் புதினமில்லை. கடற்கரைக்காரர் எங்களுக்கு மோட்டார் சைக்கிள்தான். மாப்பிள்ளையின் சிறுத்தைக்குப் பெண் வீட்டார் சேணம் தைத்துக் கொடுப்பது வழமை என்றீர்கள். இருபத்தாறு வருடம் மோட்டார் சைக்கிள் சீட் தைத்த திமிரில் நானும் தலையாட்டிவிட்டேன். அளவெடுக்க இஹ்ஸான் மருமகன் தன் சிறுத்தை சீனியைக் கொண்டுவந்து விட்டுப் போய் நாலு நாள். மச்சான், நான் அளவெடுக்கும்போது எந்த மோட்டார் சைக்கிளும் திரும்பி என் முகத்தைப் பார்த்ததில்லை. வயிற்றைச் சுற்றி நாடா போட்டால், சாப்பிடுமுன் ஓர் அளவு, சாப்பிட்டபின் நாலு அங்குலம் கூட. அப்படியென்றால் பட்டியை இறுக்க வேண்டிய நேரம் அது பசித்திருக்கும் நேரம். இது விளங்கிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாப்பிள்ளைக்கு, சீட்டுக்குப் போடும் ரெக்ஸினில் தைத்தால் மரியாதையில்லை என்று, ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பான் கொடுத்த ஆட்டின் தோலை உப்புப் போட்டுக் காயவைத்திருந்தேன், அதிலேயே தைத்தேன். முதுகில் வைத்துப் பூட்டியதும் சீனி ஒருமுறை மோந்தது, தன் முதுகைத் தானே துரத்திக்கொண்டு முற்றத்தை ஏழெட்டுச் சுற்றுச் சுற்றியது, கடைசியில் சேணத்தை இழுத்தெடுத்து வாரோடு தின்றுவிட்டது. பிறகு ஆட்டுவாடை வேறெங்கே மிச்சம் என்று தேடியது. அது என் கையில் இருந்தது மச்சான். மூன்று கட்டிச் சவர்க்காரம் தேய்த்தும் போகவில்லை. தண்ணீர்த் தாங்கியின் மேல் ஏறினேன். மகள் ஸப்னா கீழே நின்று, "வாப்பா, சிறுத்த மரமே ஏறும், இது எம்மாத்திரம்? இறங்குங்க" என்றாள். இறங்கிக் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். கதவுக்கு வெளியே மூச்சுக் கேட்குது. என் பெண்சாதி பாத்தும்மா, "அது உங்கள விரும்புது" எண்டு சொல்றா. ஓம், விருப்பம்தான், அதுதானே பயமா இரிக்கி.

வெள்ளிக்கிழமை நிக்காஹ். நம் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மருமகன் வருவார், உடுப்புப் பெட்டி வரும் என்று மட்டுமே எண்ணியிருந்தேன். காலம் முழுக்கச் சீனியும் இங்கேதான் என்பது பந்தலுக்குச் சொன்ன பிறகே உறைத்தது. கல்யாணத்தைக் குழப்பும் எண்ணம் எனக்கில்லை. மருமகன் த்ரீவீலில் வரட்டும், சீனி உங்களோடு இருக்கட்டும், நாளைக்கே ஆளனுப்பிக் கொண்டுபோங்கள். அளவு சரிபார்க்க முதலில் ரெக்ஸினில் தைத்த சேணம் ஒன்று இருக்கிறது, அதையும் கொடுத்துவிடுகிறேன். கட்டிப் பார்க்கத் தைரியமில்லை. நான் பயந்தவன்தான், ஒப்புக்கொள்கிறேன்.

அல்லாஹ் இரு வீட்டாரையும் பொருந்தி வாழச் செய்து, நாலு காலுள்ளவற்றிடமிருந்து என்னைக் காப்பானாக.

வஸ்ஸலாம்,
ஜவுபர்

பி.கு.: தபாலில் போடச் சொல்லிக் கதவிடுக்கால் கொடுத்த கடிதத்தை ஸப்னா முழுக்க வாசித்துவிட்டாள். "ஆள் எதுக்கு வாப்பா? நானே ஏறிக் கொண்டு போறன். சீனி அங்க இருந்தா நானும் அங்கயே இரிக்கன்" என்கிறாள். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்பிள்ளையும் பிறந்த வீட்டை விட்டுப் போனதில்லை மச்சான். ரெக்ஸின் சேணத்தை அவளே பூட்டிவிட்டாள், வயிறு நிறையத் தீற்றிய பிறகாம். வழியில் மாவடிப்பள்ளி தாண்டுமுன் சாப்பாடு செமித்துப் பட்டி தளர்ந்துவிடும். தாழ்ப்பாளைத் திறந்து வந்து, பட்டியில் இன்னும் இரண்டு துளை போட்டு, எப்படி இறுக்குவதென்று காட்டிக்கொடுத்தேன். சீனி என் கையை நக்கியது. கடிதத்தையும் ஸப்னாவிடமே கொடுத்தனுப்புகிறேன்.

இதை நீங்கள் வாசிக்கிறீர்கள் என்றால் பிள்ளை வந்து சேர்ந்துவிட்டாள். மேலே எழுதியதெல்லாம் கிடக்கட்டும், முதலில் எனக்குப் போன் எடுங்கள். இப்போது சத்தமாகவே கதைக்கலாம். பிறகு ஸப்னாவையும் சீனியையும் இன்றைக்கே திருப்பி அனுப்புங்கள். புறப்படுமுன் பட்டியை நீங்களே இறுக்கிவிடுங்கள். அந்நேரம் சீனிக்குப் பசித்திருக்கும்.