அப்பவே உண்டுப் பிள்ளையும் மாப்பிள்ளைப் படமும்

ஊருக்குள் புதிதாக ஒரு சாமான் வந்தால் அதைக் கண்டு பயப்படுகிறவர்கள் உண்டு. ஆசைப்படுகிறவர்கள் உண்டு. கடன் வாங்கியாவது அதை வாங்கிவிட்டு, பிறகு பயப்படுகிறவர்களும் உண்டு. இவர்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. உங்களுக்கு நான் காட்டப் போவது நாலாவது இனம். புதிதாக எதுவுமே வரவில்லை என்கிற இனம்.

இந்த ஆசாமியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். திருநெல்வேலியில் ஒரு பெட்டி பாடுகிறது, பெட்டிக்குள் ஆளும் இல்லை, பேயும் இல்லை, ஒரு கறுப்புத் தட்டு சுற்றுகிறது, அதிலிருந்து ஆனந்தபைரவி வருகிறது என்று படித்துறைக்கு மூச்சிரைக்க ஓடிவந்து நீங்கள் சொல்லி முடிப்பதற்குள், இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற அவர் நிதானமாக ஒரு முங்கு முங்கி எழுந்து, காதுக்குள் புகுந்த தாமிரபரணியை விரலால் குடைந்து எடுத்துவிட்டு, "இதுல என்னவே இருக்கு? அசரீரின்னு நம்மகிட்ட அப்பவே உண்டு" என்பார். உங்கள் பெட்டி, உங்கள் பைரவி, உங்கள் மூச்சிரைப்பு எல்லாம் ஆற்றோடு போய்விடும். நீங்களும் துண்டைப் பிழிந்துகொண்டு வீட்டுக்குப் போவீர்கள்.

பாபநாசத்திலிருந்து கொற்கை வரை ஆற்றின் இரண்டு கரையிலும் இந்த இனம் செழிப்பாக வளர்கிறது. கொற்கைப் பக்கத்து ஆட்களுக்குக் கொஞ்சம் வீறாப்பு அதிகம். தூத்துக்குடியில் கொழும்புக் கப்பல் நிற்கிறது என்று சொன்னால், பாண்டியன் காலத்தில் தங்கள் ஊரில் கப்பல் நிறுத்த இடம் கிடைக்காமல் சீமைக்காரன் வரிசையில் காத்துக் கிடந்தான் என்பார்கள். இப்போது அந்த இடத்தில் மாடு கட்டியிருக்கிறார்கள்.

நான் பக்கத்திலிருந்து பரிசோதித்த மாதிரி ஒன்று உண்டு. எங்கள் அம்பாசமுத்திரத்துத் தாணுமாலையப் பிள்ளை. நல்ல சைவர், நாலு வயல்காரர், ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காதவர். எனக்கு அடுத்த வீடு. இடையில் இருப்பது ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரும் காரைச் சுவர் அல்ல என்பதால் எனக்குத் தெரியாதது எதுவும் அந்த வீட்டில் நடந்ததில்லை.

ஊருக்கு ரயில் வந்த அன்று ஜனம் தேங்காயும் சூடமுமாக ஸ்டேஷனுக்கு ஓடியது. பிள்ளையவர்கள் ஓடவில்லை. மூன்று நாள் வீட்டைவிட்டு வெளியே வராமல் யோசித்தார். நாலாம் நாள் தெருவுக்கு வந்து, அது நம்முடைய தேர்தான் என்று தீர்ப்புச் சொன்னார். தேரில் சாமி உட்காருகிறது, ஜனம் இழுக்கிறது. இதில் ஜனம் உட்காருகிறது, இரும்பு இழுக்கிறது. உட்காருகிறவனே துட்டும் கொடுக்கிறான். வெள்ளைக்காரன் நம் தேரைப் பார்த்துக் கொஞ்சம் தப்பாகச் செய்துவிட்டான், பாவம், அவனுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. இப்படிச் சொன்னவர் அன்று மத்தியானமே திருநெல்வேலிக்குப் போகும் வண்டியில் ஜன்னலோரம் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டார்.

இங்கேதான் பலர் இவரைத் தப்பாக எடை போடுகிறார்கள். இவர் புதியதை வெறுப்பவர் என்று நினைக்கிறார்கள். வெறுப்பாவது? அதற்கு ஒரு பாட்டனைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டால் ஊரில் முதல் ஆளாக அதை அனுபவிப்பவர் இவர்தான். பாளையங்கோட்டையில் மிஷன்காரர்கள் ஆளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துப் பெயரை மாற்றுகிறார்கள் அல்லவா? இவர் சாமானுக்குக் கொடுக்கிறார். கோலி போட்ட சோடா, சித்தர்கள் குடுவைக்குள் அடக்கிய வாயு. விக்கிரமசிங்கபுரத்து நூல் ஆலை ஊதுகிற சங்கு, மேல்காற்றில் நம் ஊர்வரை வந்து பாரதப் போரை ஞாபகப்படுத்துகிறது. மண்ணெண்ணெய் விளக்கு, எண்ணெயை மட்டும் மாற்றிக்கொண்ட குத்துவிளக்கு. ஞானஸ்நானம் ஆகும்வரை வீட்டு வாசற்படி ஏறக்கூடாது. ஆனபிறகு நடுவீட்டில் உட்காரலாம்.

இந்த ரகசியத்தை முதலில் கண்டுபிடித்தவர் அவர் மனைவி அன்னத்தாய். கல்யாணமான புதிதில் அந்த அம்மாளும் மற்றப் பெண்களைப் போல, அது வேண்டும், இது வேண்டும் என்று கேட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கேட்பதை நிறுத்திவிட்டுச் சந்தேகப்பட ஆரம்பித்தார். காப்பி வந்தது இப்படித்தான். ஒரு நாள் சோறு பரிமாறிக்கொண்டே, "தெக்குத் தெருவுல காப்பின்னு ஒண்ணு குடிக்காங்களாம். நம்ம சுக்குமல்லிக் கஷாயத்துக்கும் அதுக்கும் ஏதாவது சொந்தம் இருக்குமோ என்னமோ" என்று பைய இழுத்தார். பிள்ளையவர்களின் கை பாதிச் சோற்றில் நின்றது. மூன்றாம் நாள் காப்பி சுக்குமல்லியின் தம்பி என்று தெருவில் அறிவிப்பு வந்தது. நாலாம் நாள் காலையில் இரண்டாம் டம்ளர் கேட்டார். தையல் மிஷினும் இதே வழியாகத்தான் உள்ளே வந்தது, அதன் பாட்டன் யார் என்று எனக்கு இப்போது ஞாபகம் இல்லை.

இந்த வித்தையைத் தொட்டிலிலிருந்தே பார்த்து வளர்ந்தவள் ஒரே மகள் சண்முகசுந்தரி. அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. அந்தக் காலத்தில் இது தெருவே தூக்கம் கெட வேண்டிய சமாசாரம், நாங்களும் கெட்டோம். வந்த சம்பந்தங்கள் குறைவில்லை, எல்லாம் பிள்ளையவர்களின் வாயில் விழுந்து போயின. ஒரு சம்பந்தி சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். இவர் அந்தக் காலத்தில் தண்ணீரை வைத்து நேரம் பார்த்த நாழிகை வட்டிலைப் பற்றி விளக்கத் தொடங்கினார், விளக்கம் முடிவதற்குள் அந்த மனிதர் கடிகாரத்தோடு ரயிலேறிவிட்டார். இன்னொருவர் தம் மகன் சைக்கிள் விடுவான் என்று பெருமையாகச் சொன்னார். நம் முனிவர்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள், உம்ம மகனுக்கு இரண்டு சக்கரம் தேவைப்படுகிறது என்று இவர் பதில் சொன்னார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

கடைசியாகக் கனிந்து வந்த சம்பந்தம் திருநெல்வேலி ஐயம்பெருமாள் பிள்ளையின் மகன் சிவசண்முகம். தூத்துக்குடியில் கப்பல் கம்பெனிக் குமாஸ்தா. இதுவும் போனால் அடுத்தது வருமோ வராதோ என்று அன்னத்தாய் அம்மன் சன்னதியில் அழுததை என் மனைவி பார்த்திருக்கிறாள். அப்படிப்பட்ட நேரத்தில் அங்கிருந்து ஒரு நிபந்தனை வந்தது. பையன் பெண்ணின் போட்டோவைப் பார்க்க வேண்டுமாம். எடுக்கும் கூலியை அவர்களே கொடுத்துவிடுவார்களாம்.

தெரு கொதித்துப் போயிற்று. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்றார் ஒருவர். குமரிப் பெண்ணின் முகத்தை அட்டையில் ஒட்டி அடுத்தவன் வீட்டுக்கு அனுப்புவதா என்றார் இன்னொருவர். பிள்ளையவர்கள் வழக்கம்போல் மூன்று நாள் மறைந்தார். நாலாம் நாள் முகம் மலர வெளியே வந்தார். புராணத்தில் ஒரு அசுரராஜன் மகள் கனவில் ஒருவனைக் கண்டு மயங்கிக் கிடக்கிறாள். அவள் தோழி படம் எழுதிக் காட்டுகிறாள். அப்புறம்தான் கல்யாணம் நடக்கிறது. படம் பார்த்துச் சம்பந்தம் முடிப்பது நம் சம்பிரதாயம், நடுவில் மறந்து போனோம், தூத்துக்குடிப் பையன் ஞாபகப்படுத்தியிருக்கிறான், அவன் நல்ல பரம்பரை. இதை அவர் படித்துறையில் சொன்னார், கோயிலில் சொன்னார், ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருந்தவர்களிடமும் சொன்னார். படம் எடுக்கக் குறித்த நாளில் ஐயம்பெருமாள் பிள்ளையும் நேரில் வந்து இறங்கினார்.

பாளையங்கோட்டையிலிருந்து எலியேசர் என்கிற போட்டோக்காரர் மாட்டுவண்டியில் தம் முக்காலிப் பெட்டியோடு வந்தார். நல்ல வெளிச்சத்துக்காக வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டார்கள். சண்முகசுந்தரியைப் பட்டுச் சேலையில் உட்காரவைத்து, தலை ஆடாமலிருக்கப் பின்கழுத்தில் ஒரு இரும்புக் கவட்டையை எலியேசர் முட்டுக் கொடுத்தார். அவர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டதும், கர்ப்பக்கிருகத்துத் திரையும் இதுவும் ஒன்றுதான் என்று பிள்ளையவர்கள் சம்பந்திக்கு விளக்கினார். சன்னல்களிலும் மதிலிலும் தெரு முழுவதும் தலை தலையாக முளைத்திருந்தது. என் தலையும் இருந்தது.

"மூச்சு விடப்பிடாது தாயி, ஆடப்பிடாது" என்றார் துணிக்குள்ளிருந்து எலியேசர்.

ஆடாமல், உதடு மட்டும் அசைய, சண்முகசுந்தரி கேட்டாள். "அப்பா, அந்தக் கதையில படத்தைப் பாத்தது யாரு?"

"யாரு? அசுரன் மகதான்."

"பொண்ணுல்லா பாத்திருக்கா."

எலியேசர் துணியைவிட்டு வெளியே வரவில்லை.

"அப்ப மாப்பிள்ளை படம்லா இங்கன வரணும்" என்றாள் அவள். குரலில் ஒரு பணிவு, அப்படியே அம்மாவின் பணிவு. "நம்ம சம்பிரதாயத்தை நாமளே மாத்தலாமாப்பா?"

ஐயம்பெருமாள் பிள்ளை குடையை எடுத்துக்கொண்டார். தம் மகன் என்ன சந்தையில் நிற்கிற காளையா, பிடித்துப் பார்ப்பதற்கு என்று கேட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து அன்னத்தாய், "எங்க பிள்ளை படத்தைக் கேட்டப்ப இந்தச் சந்தை எங்கன போச்சு?" என்றார். அதைக் காதில் வாங்காமல் சம்பந்தி பிள்ளையவர்களின் பக்கம் திரும்பினார்.

"பிள்ளைவாள், ஒரே வார்த்தை. பொண்ணு மாப்பிள்ளை படத்தைப் பாக்கிறது புதுப் பழக்கம், நம்ம வீட்ல நடக்காதுன்னு சொல்லிருங்க. தாம்பூலத்தை இப்பவே மாத்திருவோம்."

வாசகர்களே, அந்த நிமிஷத்தில் தாணுமாலையப் பிள்ளையின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பதினெட்டு முடிந்த மகள், அழுத மனைவி, கடைசிச் சம்பந்தம். மறுபக்கம் ஒரு வார்த்தை. புதுசு. ஒரு குழந்தைகூடச் சொல்லும். ஆனால் அந்த வார்த்தை ஆயுசில் ஒருநாளும் அந்த வாய் வழியாக வந்ததில்லை. வழி தெரியாத வார்த்தை எப்படி வரும்? அவர் வாயைத் திறந்தார். உதடு குவிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. கண் பிதுங்கியது. எனக்கே மதிலிலிருந்து குதித்து அவர் முதுகைத் தட்டிவிடலாமா என்று இருந்தது.

"அது" என்றார். "அது வந்து, பு…"

தெரு மூச்சைப் பிடித்தது.

"அது நம்மகிட்ட அப்பவே உண்டு" என்று சொல்லிவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

ஐயம்பெருமாள் பிள்ளை ரயிலேறிவிட்டார். அந்தக் கலவரத்தில் எலியேசர் கைப்பழக்கத்தில் படம் பிடிக்கிற ரப்பர் உருண்டையை அமுக்கியிருந்தார். படத்தைக் கழுவிப் பார்த்தால், ஓடியவர், எழுந்தவர், கையை ஆட்டியவர் எல்லாரும் வெறும் புகையாக விழுந்திருந்தார்கள். ஆடாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான். புகைக்கு நடுவே அச்சாக உட்கார்ந்து இலேசாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். கூலி பேசியது மாப்பிள்ளை வீடு என்பதால் எலியேசர் நியாயப்படி படத்தைத் தூத்துக்குடியில் கொண்டுபோய்க் கொடுத்தார். இது என்ன புகை என்று சிவசண்முகம் கேட்டிருக்கிறான். எலியேசர் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரமே அப்பாவுக்குத் தெரியாமல் அவன் தன் படத்தை அம்பாசமுத்திரத்துக்கு அனுப்பிவிட்டான்.

இதோடு முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? சண்முகசுந்தரி அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் ஒரு சந்தேகம் கேட்டாள்.

"அந்தத் தோழி ஒரே ஒரு படத்தையாப்பா காட்டினா?"

"ஒண்ணா? உலகத்து ராஜகுமாரன் அத்தனை பேரையும்லா வரிசையா எழுதிக் காட்டினா" என்றார் பிள்ளையவர்கள் பெருமையாக. சொன்ன பிறகுதான் தாம் சொன்னது என்னவென்று அவருக்கே விளங்கியது.

சம்பிரதாயத்தைப் பாதியில் விட முடியாமல் அவரே நாலு ஊருக்கும் சொல்லியனுப்ப, அப்புறம் அந்த வீட்டுக்குப் படங்கள் வந்தவண்ணம் இருந்தன. சேரன்மாதேவியிலிருந்து ஒருவன் கோட்டும் தலைப்பாகையுமாக, திரையில் எழுதிய சீமைக் கோட்டைக்கு முன்னால். தென்காசியிலிருந்து ஒருவன் கையில் தலைகீழாகப் பிடித்த புத்தகத்துடன். இன்னொருவன் இரவல் சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. அத்தனை பேரும் கழுத்தில் கவட்டை முட்டுக் கொடுத்து, தூக்குத் தண்டனை கேட்ட முகத்தோடு விறைத்திருந்தார்கள். பட்டாசாலை என்கிற கூடத்துச் சுவர் முழுக்க மீசை. எங்கள் தெருப் பெண்கள் தண்ணீர்க் குடத்தோடு போகிற போக்கில் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எலியேசர் புது வண்டி மாடு வாங்கினார்.

கடைசியில் சண்முகசுந்தரி எடுத்தது தூத்துக்குடியிலிருந்து வந்த அந்த முதல் படத்தை. அதில் முகம் கொஞ்சம் கலங்கியிருந்தது, கெட்டுப்போன படம் என்று அன்னத்தாய் தயங்கினார்.

"கெடலைம்மா. எடுக்கையில சிரிச்சிருக்காரு, அதான் கலங்கியிருக்கு" என்றாள் மகள். "கவட்டை போட்டும் சிரிப்பை அடக்கத் தெரியாதவரு. நம்ம அப்பாவுக்கு இவருதாம்மா சரி."

அதைக் கேட்டு அன்னத்தாய் மறுபடியும் அழுதார். இந்த முறை காரணம் வேறு. என் மனைவியும் சேர்ந்து அழுதாள். எனக்கும் சுவருக்கு இந்தப் பக்கம் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது.

சம்பந்தியைச் சமாதானப்படுத்தப் பிள்ளையவர்களே திருநெல்வேலிக்குப் போனார். சம்பந்தி கோபித்துக்கொண்டு எழுந்து போவதும் நம்மிடம் அப்பவே உண்டு, பிறகு சிரித்துக்கொண்டு திரும்பி வருவதும் உண்டு, இரண்டாவது பாதி இன்னும் பாக்கி இருக்கிறது என்று எடுத்துச் சொன்னார். கல்யாணம் தடபுடலாக நடந்தது. பந்தலில் வந்தவர்களை எல்லாம் நிறுத்தி, படம் பார்த்துப் பெண் மாப்பிள்ளை எடுப்பது தம் குடும்பத்தில் பரம்பரையாக வருகிற வழக்கம் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, மணவறையில் மாப்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் பாதி படிக்கும்போது, இந்த மாதிரிக் கேலியெல்லாம் நம் தமிழில் அப்பவே உண்டு என்று உங்களுக்குள் ஒரு குரல் முனகியதா, இல்லையா? பரவாயில்லை, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த நோய் உள்ளவருக்குத் தெரிவதில்லை, வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் தெரியும். நேற்று இலையில் சோறு விழும்போது உங்கள் வீட்டம்மாள், "ஏங்க, இது நம்ம பக்கத்துல முன்னமே உள்ளதுதானோ?" என்று எதையாவது பைய இழுத்தாரா? இழுத்திருந்தால், நீங்கள் மூன்று நாள் யோசிக்க வேண்டாம். அந்தச் சாமான் ஏற்கெனவே வண்டியேறிவிட்டது.