ஆடாத கேரியர்

புது மோட்டார் சைக்கிள் தெருமுனை திரும்புவதற்குள் அதன் சத்தம் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. எஞ்சின் சத்தம் அல்ல. பின்னால் இருந்த கேரியரும் அதன்மேல் ஷோரூமில் பூட்டித் தந்த பெட்டியும் சேர்ந்து போடுகிற கடகட. ஓட்டி வந்தவரோ நூலகர். யாராவது பக்கத்தைக் கொஞ்சம் அழுத்திப் புரட்டினாலே மூக்குக்கண்ணாடிக்கு மேலாக முறைக்கிற மனிதர்.

மனைவி வாசலிலேயே நின்றாள். வீட்டில் கேக் செய்து விற்பவள். காலையில் அந்தப் பெட்டியில் ஏறிய பிறந்தநாள் கேக், போய் இறங்கும்போது கூழாகியிருந்தது.

“சாயங்காலம் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு ரெண்டடுக்கு கேக் போகணும். அதுவும் நசுங்கிச்சுன்னா இந்த வண்டியை வித்துட்டு, என் தம்பி சொன்ன ஸ்கூட்டரை வாங்கிடலாம்,” என்றாள்.

நூலகருக்குப் பாதி உயிர் போயிற்று. கல்லூரிக் காலத்திலிருந்து ஆசைப்பட்ட வண்டி. அதை விற்பதுகூடப் பரவாயில்லை, மச்சான் சொன்னது சரி என்றாகிவிடுமே, அதைத்தான் அவரால் தாங்க முடியாது.

ஷோரூமுக்குப் போன் செய்தார். கேரியர் ஆடுகிறதென்று சொன்னதற்கு, புது வண்டி அப்படித்தான், ஓட ஓடச் சரியாகிவிடும் என்று பதில் வந்தது. முடிந்தால் ஆள் அனுப்புகிறோம் என்றும் போனால் போகிறதென்று சொன்னார்கள்.

குனிந்து பார்த்தார். போல்ட்டுகளை யாரும் இறுக்கியிருக்கவில்லை, நட்டுகளுக்கு அறிமுகம் மட்டும் செய்துவைத்திருந்தார்கள். ஸ்பேனரை எடுத்தார். இடது பக்கம் இறுகினால் வலது பக்கம் எழுந்தது. வலதை அமுக்கினால் இடது எட்டிப் பார்த்தது. ஆத்திரத்தில் ஓங்கித் திருகியதில் ஒரு போல்ட்டின் தலை கையோடு வந்துவிட்டது.

சந்துகளில் ரப்பர் வைத்தால் ஆடாது என்று தோன்றியது. கண்ணில் பட்டது மனைவியின் ரப்பர் செருப்பு. வட்ட வட்டமாக வெட்டிச் செருகினார். கடகட நின்றது. ஆனால் பெட்டி இப்போது ரப்பர் மேல் குதிக்க ஆரம்பித்தது. தெருவில் ஒரு சுற்று போனபோது, வேகத்தடையில் அதன் மூடி தானே திறந்து தானே மூடிக்கொண்டது.

அடுத்து கொடிக்கயிற்றை அவிழ்த்து வந்து வரிந்து கட்டினார். கயிறு இழுத்த இழுப்பில் பெட்டி ஒரேயடியாகச் சாய்ந்தது. ஈரத்துணி எல்லாம் தரையில் கிடந்தது.

“என்னங்க, என் செருப்பு எங்கே?”

“வண்டியில.”

“கொடிக்கயிறு?”

“அதுவும் அங்கேதான்.”

அவள் துணிகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். வராந்தாவில் உட்கார்ந்து கேக்கில் வெட்டி எடுத்த ஓரங்களைத் தின்றுகொண்டிருந்த மச்சான், “அடுத்து கட்டிலைப் பிரிச்சுத் தரட்டுமா மாமா?” என்று கேட்டான்.

நூலகருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வண்டிச் சாமான் கடைக்கு நடந்தே போனார். சாப்பிடக் கிளம்பிக்கொண்டிருந்த கடைக்காரரை மடக்கி, நட்டு ஏன் தளர்கிறது என்பதை ஆதியோடந்தமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். புது போல்ட்டுகள், ஸ்பிரிங் வாஷர், மரையைக் கவ்விக்கொள்கிற பூட்டு நட்டு, மரையில் தடவுகிற பசை எல்லாம் வாங்கினார். கேரியரில் இருந்த ஓட்டைகள் பெட்டிக்குப் பொருந்தவே இல்லை. கடைக்காரரிடமே டிரில்லை இரவல் வாங்கிவந்து, பழைய ஓட்டைகளை விட்டுவிட்டுப் புதிதாகப் போட்டார். மதியச் சாப்பாட்டை மறந்து, ஒவ்வொரு போல்ட்டாக, கை சிவக்கச் சிவக்க இறுக்கினார். கடைசியில் பெட்டியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். அசையவில்லை.

சாயங்காலம் கேக் பெட்டிக்குள் ஏறியது. மனைவி மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். பள்ளம் வந்தது, ஜல்லி வந்தது, சத்தம் வரவில்லை. நூலகத்தில்கூட இத்தனை அமைதியை அவர் அனுபவித்ததில்லை. சுற்றிப் போய்த் தவிர்த்திருக்கக்கூடிய பெரிய வேகத்தடையில்கூட வேண்டுமென்றே ஏற்றி இறக்கினார்.

பள்ளிக்கூடத்தில் மூடியைத் திறந்தார்கள். உச்சியிலிருந்த சர்க்கரைப் பூவில் ஒரு இதழ்கூட உதிரவில்லை. மனைவி அவர் முதுகில் லேசாகத் தட்டி, “இந்த வண்டியே இருக்கட்டுங்க,” என்றாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தார்.

வீடு திரும்பியபோது ஷோரூம் மெக்கானிக் ஒரு நீள அட்டைப்பெட்டியோடு வாசலில் காத்திருந்தான். நூலகர் இறங்கிய வேகத்தில், “ஆட்டிப் பாருங்க தம்பி,” என்றார். அவன் இரண்டு கையாலும் கேரியரைப் பிடித்து உலுக்கினான். வண்டி ஆடியது, கேரியர் ஆடவில்லை. மச்சானும் வந்து ஆட்டிப் பார்த்துவிட்டு, ஒத்துக்கொள்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னான். நூலகர் அதை இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

மெக்கானிக் மட்டும் குனிந்து வண்டிக்கு அடியில் வெகுநேரம் பார்த்தான். எழுந்து தலையைச் சொறிந்துகொண்டே கேட்டான்:

“சார், உங்க கேரியர் இந்த அட்டைப்பெட்டியிலதான் இருக்கு, மாட்ட மறந்துட்டோம்னு கொண்டுவந்தேன், லாரியில வர்றப்போ வண்டி சாயாம இருக்க வைக்கிற பேக்கிங் கம்பியையா இப்படி இறுக்கி வெச்சிருக்கீங்க?”